நன்றி வராத ஞாயிற்றுக்கிழமை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான். மனிதர்கள் திட்டினால்கூட ஒருமாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். ஒரு இயந்திரம் என்னைத் திட்டினால் மட்டும் பொறுக்காது. அந்தக் குணத்தால் போன வருஷம் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். யாருக்கெல்லாம் நன்றி சொல்லாமல் இருந்தேனோ அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். பன்னிரண்டு மெஷின்கள், அறுபத்தொரு பேர். யார், எந்த நாள், எந்த நேரம், எந்த மெஷின் என்று அட்டவணை போடுவது என் வேலை. ஒன்பது வருஷமாகப் பெரிய தாள், பென்சில், ரப்பர். நோயாளிகள் என்னை நேரக்காரம்மா என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிரிவின் செல்போனை எடுத்து ஒவ்வொருவருக்கும் அந்த வாரத்து நேரத்தை மெசேஜாக அனுப்ப ஆரம்பித்தால், முடிய எட்டாகிவிடும்.

அறுபத்தொரு பேரில் ஒரே ஒருவர்தான் பதில் போடுவார். அவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மெசேஜ் போன இரண்டாவது நிமிஷம், "வந்துச்சும்மா. நன்றி" என்று வந்துவிடும். ஆறு வருஷம், ஒரு வாரம் தவறியதில்லை. நான் ஒரு தடவைகூடத் திருப்பி எதுவும் எழுதியதில்லை. வேலைக்கு நடுவில் போன் உறுமும்போதெல்லாம், "இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்லையா" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

நோயாளிகள் கூடக்கூட என் தாளில் இடம் போதவில்லை. ஒரு நாள் பெரிய டாக்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நம்ம டேட்டாபேஸ்ல எல்லார் விவரமும் இருக்கு. அதை வெச்சு அட்டவணையைத் தானா போடுற மாதிரி ஒரு புரோகிராம் வேணும். வெளி ஆளை வெச்சு எழுதலாம். ஆனா அவனுக்கு நம்ம நோயாளிங்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். மூணு மாசம் தரேன், கத்துக்கறீங்களா?"

நாற்பத்தாறு வயசு. டேபிளில், அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் விவரப் பட்டியலில், பெயர் தேடத் தெரியும், எண்ணத் தெரியும், அத்தோடு சரி. ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே. "அதுக்கென்ன டாக்டர், கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று புரிந்தது.

எனக்குத் தெரிந்து அந்த வேலை தெரிந்தவள் ஒருத்திதான். என் நாத்தனார். என்னைவிட ஒரு வயது சின்னவள். சின்ன வயசில் ஒல்லியாக இருந்ததாலும் பேச்சு சுருக்கென்று குத்தும் என்பதாலும் வீட்டில் ஊசி என்றே பெயர். ஒரு பெரிய கம்பெனியின் டேட்டாபேஸ் முழுக்க அவள் கையில். எங்களுக்குள் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் நான்தான். குடும்பமே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆபீஸ் போன் வந்து அவள் பாதியில் எழுந்தாள். அது என்ன மரியாதை என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்கெல்லாம் குடும்பம் எதுக்கு? அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கல்யாணம் ஆகாமல் இருக்கிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது. கையைக் கழுவிக்கொண்டு போனவள்தான், அதற்குப் பிறகு எங்கள் வாசற்படி ஏறவில்லை.

"நான் போய் அவகிட்ட நிக்கணுமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நிக்க வேணாம். உக்காந்தே கேளு" என்று நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"ஊசி, நான்தான்."

"சொல்லுங்க அண்ணி."

"நான் ஒன்னு கத்துக்கணும். உன் கம்ப்யூட்டர் வேலை."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைங்க."

இரண்டு பஸ் மாறி வந்தாள். மூன்று மாதம், சனி ஞாயிறு, ஏழு மணி என்றால் ஏழு மணி. பழைய பேச்சை அவளும் எடுக்கவில்லை, எனக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை.

முதல் நாள் சொன்னாள்: "இத்தனை நாள் நீங்க டேபிள்கிட்ட கேள்வி கேட்டீங்க. செவ்வாய்க்கிழமை யார் வர்றாங்கன்னு கேட்டா, அது பதில் சொல்லிட்டுச் சும்மா இருக்கும். இனிமே கேக்கப் போறதில்ல, வேலை ஏவப் போறோம். முதல்ல இதைச் செய். அது இப்படி இருந்தா அதைச் செய். எல்லாப் பேரும் முடியுற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்."

"உங்க அண்ணன்கிட்ட நான் சொல்ற மாதிரி."

"அண்ணன் கேக்க மாட்டான். இது கேக்கும்."

கர்சர் என்ற வார்த்தை வந்ததும் நான் நோட்டை மூடிவிட்டேன், என் மண்டையில் ஏறாது என்று. அவள் என் பழைய பெரிய தாளை எடுத்து முன்னால் விரித்தாள். "இதுல அட்டவணை போடும்போது என்ன பண்ணுவீங்க? செஞ்சு காட்டுங்க." விரலை முதல் பெயரில் வைத்து, அவருக்கு இடம் பார்த்து எழுதி, விரலை அடுத்த பெயருக்கு இறக்கினேன். "அந்த விரலுக்குத்தான் கர்சர்னு பேர்" என்றாள். ஒன்பது வருஷமாக என் கையிலேயே இருந்ததைப் பார்த்தா பயந்தோம் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பிழைச் செய்திகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. ஒரு அரைப்புள்ளியை விட்டால் சிவப்பு எழுத்தில் பதினோரு வரி. ஒன்றைத் திருத்தினால் வேறொன்று. "எவன்டா நீ என்னைக் கேக்கறது?" என்று ஒருநாள் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டேன். உள்ளிருந்து வீட்டுக்காரர், "என்னைக் கூப்பிட்டியா?" என்றார்.

"அது திட்டல அண்ணி" என்றாள் ஊசி. "எந்த வரியில நின்னுட்டேன்னு உங்ககிட்ட வந்து சொல்லுது. சொல்லாம ஓடிப்போற வேலைக்காரனைவிட இது மேல் இல்லையா?"

எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. சிவப்பாக வந்தால் திட்டுதான்.

பிழை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமிலேயே எழுதி வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்த அன்று மட்டும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "இன்ன பிழை வந்தா இன்னது செய்னு பேர் சொல்லி எழுதணும். சில பேர் என்ன பண்ணுவாங்கன்னா, எந்தப் பிழை வந்தாலும் ஒன்னும் பண்ணாத, போயிட்டே இருன்னு ஒரே வரி எழுதிட்டுக் கிளம்பிடுவாங்க. அது பிழையைச் சரி பண்ணாது. அதோட வாயைப் பொத்திவிடும். அந்த வரியை மட்டும் எழுதிடாதீங்க. எழுதினீங்கன்னா உங்ககூடப் பேச மாட்டேன்."

"நாலு வருஷம் பேசாம இருந்தவதானே நீ. எனக்குப் பழக்கம்தான்."

வாய்தவறி வந்துவிட்டது. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.

மூன்று மாதத்தில் புரோகிராம் ஓரளவு நிமிர்ந்து நின்றது. விரல் ஒவ்வொரு பெயராக இறங்கும். அவருக்கு எந்த மாதிரி மெஷின் வேண்டும், எந்த நேரம் காலி, எந்த நர்ஸ் இருக்கிறார் என்று பார்க்கும். இடம் பிடிக்கும், எழுதும், அடுத்தவருக்குப் போகும். முடிந்ததும் எல்லோருக்கும் மெசேஜ் தானாகப் போகும். முதன்முதலாக நிஜமாக ஓட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை டாக்டர் குறித்தார். ஊசிக்கு அந்த வாரம் பார்த்து வெளியூரில் ஆபீஸ் வேலை. "சிக்கல்னா போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதுவரை வீட்டில் மாதிரிப் பெயர்களை வைத்துத்தான் ஓட்டியிருந்தோம். சனிக்கிழமை மத்தியானம், மெசேஜ் மட்டும் போகாதபடி நிறுத்தி வைத்து, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் நிஜப் பெயர்களோடு ஒத்திகை பார்த்தேன். முப்பத்தேழு பெயர் வரை கடகடவென்று ஓடியது. முப்பத்தெட்டாவதில் நின்றது. தேடியது எதுவும் கிடைக்கவில்லை என்று சிவப்பில் ஒரு செய்தி. மறுபடி ஓட்டினேன். மறுபடி முப்பத்தெட்டு. ஆறு தடவை ஓட்டினேன், ஆறு தடவையும் அதே திட்டு. அந்த நேரம் பார்த்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு ரெடியா?"

"ரெடி டாக்டர்."

ஊசிக்குப் போன் போட்டிருக்கலாம். கை போனுக்குப் போனது உண்மை. ஆனால் ஒரு தடவையாவது அவள் துணையில்லாமல் முடித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு. முப்பத்தெட்டாவது பெயர் யாருடையது என்றுகூட நான் பார்க்கவில்லை. "கத்திக்கிட்டே இரு" என்று திரையிடம் சொல்லிவிட்டு, எந்த வரியை எழுதவே கூடாது என்றாளோ அதை எழுதினேன். எந்தப் பிழை வந்தாலும் ஒன்றும் செய்யாதே. ஓட்டினேன். ஒரு முனகல் இல்லாமல் கடைசிப் பெயர் வரை போய், வெற்றிகரமாக முடிந்தது என்று சொன்னது. அப்படியொரு நிம்மதி எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் தலைமை நர்ஸும் பின்னால் நிற்க, ஐந்து மணிக்குப் பட்டனை அழுத்தினேன். ஆறு மணி நேரம் தாளில் மல்லுக்கட்டுகிற அட்டவணை மூன்று நொடியில் வந்து விழுந்தது. மெசேஜ்களும் போயின. டாக்டர் என் தோளில் தட்டி, "உங்களாலதான் இது முடியும்னு தெரியும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. செல்போனை மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். தலைகால் புரியவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் எதிரில் வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு ஊசி ஊரிலிருந்து இறங்கிய கையோடு, பெட்டியும் கையுமாக நேரே ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, என் வெற்றியைக் கேட்க வேண்டுமாம். டீ வாங்கிக் கொடுத்து அளந்தேன்.

"மூணே நொடி ஊசி. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலையே."

"குறை சொல்லல, சரி. வந்து சேந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

"அதை யாரு சொல்லுவா? மெசேஜ் வந்துச்சு, நன்றின்னு பதில் போட இங்க யாருக்கு நேரம் இருக்கு? ஒரே ஒரு ஆள்தான்..."

டீ டம்ளரை வைத்தேனா விட்டேனா தெரியாது. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை, மூன்று மாடியும் படியில் ஓடினேன். டிராயரைத் திறந்து போனைப் பார்த்தேன். கடைசி "வந்துச்சும்மா. நன்றி" புரோகிராம் ஓடிய ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையோடு நின்றிருந்தது. அட்டவணையில் அவர் பெயரைத் தேடினேன். மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலே தேடினேன். அறுபது பேர் இருந்தார்கள்.

அவர் செவ்வாய், வியாழன், சனி வருகிறவர். சனிக்கிழமை வந்து போனதோடு சரி. இன்று புதன். உடம்பில் நாலு நாள் தண்ணீரும் கழிவும் அப்படியே தேங்கியிருக்கும். இந்தப் பிரிவில் வேலை பார்க்கிற யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

அவர் நம்பரைப் போட்டேன். மனைவிதான் எடுத்தார்.

"அவரு சேர்லயே உக்காந்திருக்கார்ம்மா. படுத்தா மூச்சு முட்டுது. கால் வீங்கிப் போச்சு. நேத்தே உங்களுக்குப் போன் பண்ணலாம்னு சொன்னேன். வேணாம்னுட்டார். மெஷின் ரிப்பேரா இருக்கும், நேரக்காரம்மா மறக்கற ஆள் இல்ல, மெசேஜ் வரும், இருன்னு சொல்லிட்டார்."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. "ஆம்புலன்ஸ் அனுப்பறேன், அவரை நடக்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

முக்கால் மணி நேரத்தில் கொண்டுவந்தார்கள். உதடு வெளுத்து, முகம் ஊதி, ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை லேசாகத் தூக்கினார், வணக்கம் மாதிரி. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நடைபாதைக் கடைசியில் இருக்கும் தனி அறைக்குள், ஏழாம் மெஷினுக்கு, அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் கதவைச் சாத்தும் முன், "இதயத் துடிப்பு சரியில்ல. இப்ப ஒன்னும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. நாலு மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊசியும் பெட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த வரியை எழுதியதையும் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று இப்போது சொல்லப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். உலகத்தில் யாருக்காவது அதைச் சொல்லும் உரிமை இருந்தது என்றால், அன்று அவளுக்குத்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. என்றுமே சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் ஆயுசுக்கும் அவளுக்குக் கடமைப்பட்டவள்.

எங்கள் பிரிவின் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்து, "வாங்க அண்ணி. எந்த இடத்துல அவரை விட்டுட்டோம்னு பாப்போம்" என்றாள். விட்டுட்டீங்க என்று சொல்லவில்லை, விட்டுட்டோம் என்றாள்.

வாயைப் பொத்திய வரியை எடுத்துவிட்டு ஓட்டினோம். முப்பத்தெட்டில் நின்றது. முப்பத்தெட்டாவது பெயர் அவருடையதுதான்.

"இவருக்குத் தனி மெஷின் வேணும்னு இருக்கு. ஏன்?"

"ரத்தத்துல பழைய மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கு. அடுத்தவங்களுக்குத் தொத்தக் கூடாதுன்னு தனி ரூம், தனி மெஷின், அதுக்குன்னு ஒரு நர்ஸ். அந்த நர்ஸ் கிடைக்கற நேரத்தைப் பொறுத்து இவரு நேரமும் வாரா வாரம் மாறும். அதனாலதான் மெசேஜ் வராம வர மாட்டார்."

"சரி. மெஷின் டேபிள்ல ஒன்னுலேர்ந்து ஆறு இருக்கு. அப்புறம் எட்டுலேர்ந்து பன்னிரண்டு. ஏழு எங்க?"

"ஏழு அவரோட மெஷின். அதை யாருக்கும் பங்கு போட வேண்டியதில்லையே. தாள்லகூட நான் அதுக்குக் கட்டம் போட மாட்டேன், ஓரத்துல அவர் பேரை மட்டும் எழுதிடுவேன். எனக்குத் தெரியும்ல."

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் ஊசி மெதுவாக.

தெரியும் என்பதாலேயே நான் அதை எழுதவில்லை. புரோகிராம் போய்த் தேடியது, இல்லை என்று திரும்பி வந்தது, ஆறு தடவை என்னிடம் வந்து சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன். பட்டியலில் பெயர் இல்லாததால் நர்ஸும் அவரைத் தேடவில்லை. மூன்று மாதம் நான் திட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் தகவல்.

மாலை நாலேகாலுக்குக் கதவு திறந்தது. "தப்பிச்சார்" என்றார் டாக்டர். "இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா நம்ம கையில இல்ல." நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஊசி என் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வேலையிலிருந்து தூக்கி ரெக்கார்டு ரூமில் போட்டாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். "நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க, மேல அனுப்பணும். மூணு மாசத்துக்குப் பென்சில் தாளும் பக்கத்துலயே இருக்கட்டும், தலைமை நர்ஸ் எண்ணிப் பாத்த பிறகுதான் மெசேஜ் போகணும்" என்றார். பிறகு, "புரோகிராமை நீங்கதான் சரி பண்ணணும்" என்றார். கோபம் அவர் குரலில் இருந்தது. அந்தக் கோபத்தோடு என்னை நம்பியதற்கு அவருக்கும் நன்றி.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். வார்டில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் ரிப்பேர் இல்லைங்க. நான்தான் உங்களை விட்டுட்டேன்." என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். பிழை வந்ததை, எரிச்சலில் அதன் சத்தத்தை நிறுத்தியதை, எல்லோரும் பாராட்டியதை.

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"லிஃப்ட் கதவுல ஒரு ஏற்பாடு இருக்கும்மா. கதவு சரியா மூடலன்னா லிஃப்ட் நகராது. பழைய கட்டடத்துல அது அடிக்கடி மக்கர் பண்ணும். ஜனங்க மெக்கானிக்கைத் திட்டுவாங்க. அப்ப என்ன பண்ணலாம்னா, அந்த ஏற்பாட்டுக்குப் போற ரெண்டு வயர் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்துக் கட்டிட்டா போதும். கதவு மூடிடுச்சுன்னு லிஃப்ட் நம்பிக்கும். எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஒருநாள் கதவு திறந்திருக்கும், லிஃப்ட் கிளம்பிடும்." தண்ணீரை ஒரு வாய் மட்டும் குடித்தார். அவருக்கு அவ்வளவுதான் அனுமதி. "வேலைக்குச் சேந்த புதுசுல நானும் ஒருதடவை கட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கல. திரும்பிப் போய் எடுத்துட்டேன். அதுக்குள்ள யாரும் விழல, என் நல்ல நேரம்."

"கம்பியை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"எடுத்துட்டேன்."

"அப்ப சரி" என்று ரொட்டியைத் திரும்ப எடுத்தார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஊசி வந்தாள். ஏழாம் மெஷினை டேபிளில் ஏற்றினோம். யாருக்காவது இடம் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பெயரைத் தனியாக எழுதி வைக்கச் சொன்னோம். கடைசியில் நான் ஒன்று சேர்த்தேன், அவள் சொல்லாமல், நானாக: இருக்கிற நோயாளிகளை எண்ணு, இடம் கிடைத்தவர்களை எண்ணு, ஒருவர் குறைந்தாலும் நில், யாருக்கும் மெசேஜ் அனுப்பாதே, சத்தம் போடு. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "எங்க ஆபீஸ்ல பத்து வருஷம் இருக்கறவங்களே இதை எழுத மாட்டாங்க" என்றாள்.

"ஊசி, அன்னைக்குச் சாப்பிடறப்ப நான் சொன்ன வார்த்தை..."

"எது?"

"உனக்கு ஞாபகம் இருக்கு."

"இருக்கு" என்றாள். "அரைப்புள்ளி விட்டுப் போச்சு, பாருங்க." நான் அரைப்புள்ளியைப் போட்டேன். "மன்னிச்சுக்கோ" என்றேன். "நீ வந்ததுக்கு நன்றி" என்றும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு இங்கேதான் சாப்பிடுவேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. பின்னால் டாக்டர், தலைமை நர்ஸ். பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. ஒருவர் குறைகிறார், நிறுத்திவிட்டேன் என்றது. டாக்டர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. எனக்குக் கோபமே வரவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துக் கும்பிடத் தோன்றியது. யார் என்று பார்த்தேன்: அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு டீச்சர். அவருக்கு எந்த மெஷின் என்று யாரும் இன்னும் நிரப்பவில்லை. தலைமை நர்ஸிடம் கேட்டு நிரப்பினேன். மறுபடி அழுத்தினேன். அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. தலைமை நர்ஸ் தாளில் விரல் வைத்து எண்ணி முடித்துத் தலையாட்டினார். மெசேஜ்கள் போயின.

எல்லோரும் போன பிறகும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. அவர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது, தூங்கியிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். மனசு கேட்கவில்லை. ஏழாம் நிமிஷம் போன் கையிலேயே உறுமியது.

"வந்துச்சும்மா. நன்றி."

ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவருக்குப் பதில் எழுதினேன். "நன்றி நான்தான் சொல்லணும். இதை மட்டும் நிறுத்திடாதீங்க. இனிமே இது வந்த பிறகுதான் நான் வீட்டுக்குக் கிளம்புவேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் திருப்பி எழுதினார்: "சரிம்மா. பத்திரமா போங்க."

போனை டிராயரில் வைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.